சீட்டு எழுதினால் தெம்பு வந்துவிடுமா?

வேலையில் அடிபட்டு விழுந்த தொழிலாளியைச் சட்டம் தாங்கிப் பிடிக்கிறது. அவன் படுக்கையில் கிடக்கும் வரை தாங்குகிறது. எழுந்து நின்றதும் கையை எடுத்துக்கொள்கிறது. நின்றவன் நடப்பானா, நடந்தவன் தன் நிரையை வெட்டி முடிப்பானா என்று அது கேட்பதில்லை. இந்தக் கேள்வியைத் தொழிலாளர்கள் சார்பில் நாம் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

பாகான் டாலாம் துறைமுகத்தை ஒட்டிய ஊர். செபராங் பிறைத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன காலங்களில் லயத்து வீட்டை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பல, பட்டர்வொர்த்திலும் பிறையிலும் இந்தச் சுற்றுவட்டாரத்திலும்தான் வந்து ஒதுங்கின. அப்பன் பால் மரம் வெட்டியவர், பிள்ளை மூட்டை தூக்கியவர், பேரன் தொழிற்சாலையில் நிற்பவர் என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறை உழைப்பைப் பார்க்கலாம். வேலை மாறினாலும் அடிபட்டவனின் கதை மாறவில்லை. “சொக்சோ பணம் நின்னுபோச்சு. வேலைக்குப் போனா, இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன செய்வேங்கிறாங்க. நாங்க எங்கே போறது?” தோட்டத்திலிருந்து வருகிறவரும் இப்படித்தான் கேட்கிறார். துறைமுகத்திலிருந்து வருகிறவரும் இப்படித்தான் கேட்கிறார்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1971இல் நடைமுறைக்கு வந்தது. அதை நடத்துவதே நாம் சொக்சோ என்றும் பெர்கேசோ என்றும் சொல்லும் நிறுவனம். வேலையில் விபத்து ஏற்பட்டு, விபத்து நடந்த நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் வேலைக்குப் போக முடியாது என்று வைத்தியர் எம்.சி. கொடுத்தால், தற்காலிக ஊனப் படி கிடைக்கும். அது ஒரு நாள் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை வாங்கும் தொழிலாளிக்கு இந்தப் படி நாளொன்றுக்குச் சுமார் 45 வெள்ளி வரும். இந்தப் படியைப் பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, தண்டிக்கக்கூடாது, அப்படி நோட்டீஸ் கொடுத்தாலும் செல்லாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

நல்ல சட்டம்தான். இதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த இரண்டு பாதுகாப்பும் எப்போது முடிகின்றன என்று கவனியுங்கள். ‘வேலைக்குத் தகுதி’ என்று வைத்தியர் எழுதிய சீட்டு கைக்கு வரும் நாளில் படி நிற்கிறது. அதே நாளில் வேலை நீக்கத்துக்கு எதிரான அந்தக் காப்பும் நிற்கிறது. இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் சாத்தப்படுகின்றன!

ஒரு பால் மரத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை பெரட்டு முடிந்து தன் நிரைக்குப் போகிறார் ஓர் அம்மாள். முதல் நாள் மழை. மேட்டில் கால் வழுக்கி விழுகிறார். வலது மணிக்கட்டு முறிகிறது. ஆஸ்பத்திரியில் மாவுக் கட்டுப் போட்டு எம்.சி. கொடுக்கிறார்கள். வாரங்கள் கழித்துக் கட்டை அவிழ்த்துப் படம் எடுத்துப் பார்க்கிறார் வைத்தியர். எலும்பு கூடிவிட்டது. சீட்டு எழுதுகிறார்: வேலைக்குத் தகுதி.

வைத்தியர் எழுதியதில் பொய்யில்லை. எலும்பு கூடியது உண்மை. ஆனால் கூடிய எலும்புக்குப் பிடிப்பு வந்துவிட்டதா? நாலைந்நூறு மரங்களை வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். உளியை ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் பால் இறங்காது. அழுத்தம் மிஞ்சினால் மரத்தில் காயம் படும். மண்டோரின் சத்தம் கேட்கும். பிறகு மங்கு மங்காகப் பாலை ஊற்றி, நிறைந்த காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். இதையெல்லாம் ஆஸ்பத்திரி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து விரலை மடக்கி நீட்டிக் காட்டியதை வைத்து முடிவு செய்ய முடியுமா?

அந்த அம்மாள் வேலைக்குப் போகிறார். முதல் வாரம் பாதி நிரைதான் முடிகிறது. கை வீங்குகிறது. இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. வெட்டிய அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கும் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தும். பாதி நிரை வெட்டினாலும் மாத முடிவில் சம்பளத்தை அந்தச் சட்ட அளவுக்கு நிரப்பிக் கொடுக்க வேண்டியது நிர்வாகம். நிர்வாகம் என்ன நினைக்கும்? “பாதி வேலைக்கு முழுச் சம்பளமா? இவரை வைத்துக்கொள்வது நஷ்டம்” என்று நினைக்கும். நினைப்பதோடு நிற்பதும் இல்லை. புல் வெட்டப் போ என்பார்கள், தூரத்து மலை நிரையைக் கொடுப்பார்கள், வேலை சரியில்லை என்று கடிதம் கொடுப்பார்கள். தொழிலாளியே வெறுத்துப்போய்க் கணக்கு முடித்துக்கொண்டு போகும்வரை விடமாட்டார்கள்.

அவர் மறுபடி எம்.சி. எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எடுக்கலாம், வைத்தியர் கொடுத்தால். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்த நாளுக்குப் படி கிடையாது. ஆகவே தொழிலாளிக்கு இரண்டே வழி: முழு நோயாளியாக வீட்டில் இருப்பது, அல்லது முழுத் தெம்புள்ளவராக நிரையில் நிற்பது. பாதி குணமானவருக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அடிபட்டுக் குணமாகும் ஒவ்வொருவரும் சில வாரமோ சில மாதமோ பாதி குணமானவராகத்தானே இருக்க வேண்டியிருக்கிறது? பட்டர்வொர்த்தில் ஏறியவரைப் பினாங்குத் தீவின் கரை தெரிகிறது என்று சொல்லி நடுக் கடலில் இறக்கிவிடும் கப்பலை யாராவது நல்ல கப்பல் என்பார்களா?

குணமான பிறகும் படி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வேலை செய்ய முடிந்தவர் உழைத்துச் சாப்பிட வேண்டும். அதுதான் தொழிலாளியின் கௌரவம். நிதியில் இருப்பது தொழிலாளர்களின் பெயரால் சேர்ந்த பணம். நலமாக இருந்துகொண்டு நொண்டி நடிப்பவர், உண்மையில் அடிபட்ட தோழரின் பங்கில் கைவைக்கிறார். அப்படிப்பட்டவருக்காகச் சங்கம் வழக்காடாது. உதவி ஒருநாள் முடியத்தான் வேண்டும். அது முடியும் விதம் நியாயமாக இருக்கவேண்டும் என்பதே நம் வாதம்.

இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஏன் என்றால் தொழிலாளி ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இந்தச் சட்டத்திற்குள் வந்தார். சொக்சோவில் சேர்ந்த தொழிலாளி, வேலை விபத்துக்காகத் தன் முதலாளியின்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. அந்த உரிமையைச் சட்டம் எடுத்துக்கொண்டது. முதலாளி மாதா மாதம் சந்தாவைக் கட்டிவிட்டு வழக்குப் பயமில்லாமல் இருக்கிறார். பதிலுக்குத் தொழிலாளிக்குச் சொல்லப்பட்டது என்ன? “நீ அடிபட்டால் உன்னைக் கைவிட மாட்டோம்” என்பது. ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் முழுதாக நிறைவேறியிருக்கிறது. மறுபக்கம் சீட்டு எழுதும் நாளோடு நின்றுவிடுவது சரியா?

நம் பாட்டன்மார் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. ஆள் கொண்டுவர அந்த நிதி பயன்பட்டது. உழைத்து ஓய்ந்தவர்களையும் உடல் கெட்டவர்களையும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. தெம்பு உள்ளவரை தோட்டம், தெம்பு போனால் கப்பல் என்பதே அந்தக் காலத்து நீதி. 1952இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. பிறகு 1969ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு படியும் முன்னேற்றமே. ஆனால் அடிபட்டவர் மறுபடி தன் வேலையில் கால் ஊன்றும் வரை துணை நிற்பது என்ற கடைசிப் படி இன்னும் கட்டப்படவில்லை.

தொழிலாளர்கள் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தையும் இங்கே விளக்க வேண்டும். தற்காலிக ஊனப் படி வேறு, நிரந்தர ஊனப் படி வேறு. காயம் ஆறிய பிறகும் உடம்பில் குறை நின்றுவிட்டால், டாக்டர்கள் குழு அதை விழுக்காட்டில் கணக்கிடும். 20 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்றால் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகவும் மீதியை ஆயுள் முழுவதும் மாதா மாதமும் பெறலாம். இந்தப் பணம் வேலைக்குத் திரும்பினாலும் நிற்பதில்லை. “வேலைக்குப் போனால் உள்ளதும் போய்விடும்” என்று பயந்து வீட்டிலேயே முடங்குகிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். தற்காலிகப் படி நின்றதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணி, 12 மாதக் கெடுவுக்குள் டாக்டர்கள் குழுவுக்கு மனுச் செய்யாமல் இழந்தவர்களும் உண்டு.

மூன்றாவது வகை உடல் நலிவுப் பென்ஷன். விபத்து இல்லாமல், தீராத நோயால் வேலைத் திறன் போனவர்களுக்கானது. நல்ல உடல்நலமுள்ள தொழிலாளி சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை என்று சட்டம் அதற்கு அளவு வைத்திருக்கிறது. அந்த நிலை இருக்கும்வரைதான் பென்ஷன். இங்கேயும் அதே பயம்தான். கொஞ்சம் தேறி, ஏதாவது செய்து பார்க்கலாம் என்று எழுந்தால், “மூன்றில் ஒரு பங்கு சம்பாதிக்கிறாயே” என்ற கேள்வி வருமோ என்று நடுங்குகிறார் நோயாளி. முயற்சி செய்து தோற்றால் பழைய இடத்திற்குத் திரும்ப வழி உண்டா என்று தெரியாதவர் எப்படி முயற்சி செய்வார்? சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று தெரிந்தவர் ஏறவே மாட்டார்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2007இல் ‘மீண்டும் வேலைக்கு’ என்ற திட்டத்தைப் பெர்கேசோ தொடங்கியது. அடிபட்டவருக்கு ஓர் அதிகாரியைத் துணை வைத்து, சிகிச்சை, பயிற்சி, முதலாளியிடம் பேச்சு என்று வழி காட்டுகிறார்கள். மலாக்காவில் துன் அப்துல் ரசாக் பெயரில் 2014 முதல் மறுவாழ்வு நிலையமும் இயங்குகிறது. இவற்றால் பலர் பயன் அடைந்திருக்கிறார்கள். ஆனால் அடிபட்டவரைத் திரும்ப எடுத்தே தீர வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் வலு அந்தத் திட்டத்திற்கு இல்லை. நல்ல மனமுள்ள நிர்வாகம் ஒத்துழைக்கும். மற்ற இடங்களில் அதிகாரி பேசிவிட்டுப் போவார், தொழிலாளி வெளியே நிற்பார். தொழிலாளியின் சோறு துரைமாரின் மனத்தை நம்பி இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே சட்டமும் சங்கமும் ஏற்பட்டன?

மற்ற நாடுகள் இதற்கு என்ன செய்தன? ஜெர்மனியில் படிப்படியாக வேலைக்குத் திரும்பும் முறை இருக்கிறது. வைத்தியர் ஒரு திட்டம் எழுதிக் கொடுப்பார். முதலில் நாளுக்குச் சில மணி நேரம், பிறகு கொஞ்சம் கூட, பிறகு முழு வேலை. அந்தக் காலம் முழுவதும் அவர் சட்டத்தின் கண்ணில் நோயாளியே. உதவிப் பணம் தொடர்ந்து வரும். அமெரிக்காவில் ஊனப் பென்ஷன் வாங்குகிறவர் ஒன்பது மாதம் வேலை செய்து பார்க்கலாம். அந்த மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தாலும் பென்ஷன் குறையாது. சம்பாதிப்பதால் பென்ஷன் நின்ற பிறகும், ஐந்து ஆண்டுக்குள் அதே நோயால் வேலை செய்ய முடியாமல் போனால், புதிதாக மனுப் போட்டு முதலிலிருந்து அலையாமல் மீண்டும் பென்ஷன் கேட்கலாம். உலகத் தொழிலாளர் நிறுவனம் 1964இல் நிறைவேற்றிய 121ஆவது உடன்படிக்கையும், பணம் கொடுப்பதோடு நிற்காமல், அடிபட்டவரைப் பழைய வேலைக்கோ அது முடியாவிட்டால் அவருக்கு ஏற்ற வேறு வேலைக்கோ தயார் செய்ய வேண்டும் என்று சொல்கிறது. முதலாளித்துவ நாடுகளே ஒப்புக்கொண்ட நியாயம் நம் நாட்டுக்கு மட்டும் கட்டுபடியாகாதா?

ஆகவே மனிதவள அமைச்சுக்கும், பெர்கேசோவுக்கும், தோட்ட முதலாளிமாருக்கும் நாம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, ‘வேலைக்குத் தகுதி’ என்று ஒரு சொல் எழுதினால் போதாது. எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரத்திற்கு, எவ்வளவு பாரம் தூக்க என்று வைத்தியர் எழுத வேண்டும். பால் வெட்டுக்கும் செம்பனைக் குலை வெட்டுக்கும் என்ன உடல் வலு தேவை என்பதை அவருக்கு எழுதித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பாக வேண்டும். 

இரண்டாவது, படிப்படியான வேலைக் காலம் ஒன்று வேண்டும். அந்தக் காலத்தில் செய்த வேலைக்கு முதலாளி சம்பளம் கொடுக்கட்டும். குறையும் பணத்தை நிதி ஈடுசெய்யட்டும். விபத்து நிதிக்குச் சந்தாவாக முதலாளிமார் கட்டுவது சம்பளத்தில் 1.25 விழுக்காடு. அந்த நிதியிலிருந்து சில வாரத்துப் பாதிப் படியைக் கொடுத்து ஒருவரை வேலையில் நிலைக்கச் செய்வது, அவரை அவசரமாக அனுப்பி மறுபடி கை முறிந்து வரச் செய்வதைவிடச் சிக்கனம் அல்லவா? இது முதலாளிக்கும் நஷ்டமில்லாத வழி.

மூன்றாவது, வேலை நீக்கத்துக்கு எதிரான காப்பு, படி நிற்கும் நாளோடு முடியாமல், அந்தக் காலம் முடிந்து நியாயமான தவணை வரை நீடிக்க வேண்டும். சட்டம் திருத்தப்படும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு விதியாகச் சங்கங்கள் வைக்கலாம், வைக்க வேண்டும்.

நான்காவது, முயன்று தோற்றவர் திரும்பி வரும் வழி திறந்திருக்க வேண்டும். வேலை செய்து பார்த்ததையே அவருக்கு எதிரான சாட்சியாக்கக்கூடாது.

இந்த நான்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. இன்று தோட்டங்களில் நம்மோடு உழைப்பவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும். 2019 ஜனவரி முதல் அவர்களும் சொக்சோவின் விபத்துத் திட்டத்தில் வந்திருக்கிறார்கள்; 2024 ஜூலை முதல் உடல் நலிவுத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் வேலை போனால் அவர்களுக்கு இந்நாட்டில் நிற்கும் பெர்மிட்டும் ஆடிப்போகிறது. ‘தெம்பு போனால் கப்பல்’ என்று நம் பாட்டனுக்குச் சொன்னது, ‘தெம்பு போனால் விமானம்’ என்று இன்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அந்த அநீதியை அனுபவித்த நாம் அதைப் பார்த்துச் சும்மா இருக்கலாமா? ஒருவருக்குக் குறைந்த விலையில் உழைப்பும் குறைந்த விலையில் காப்பும் என்றால், நாளை எல்லோருடைய விலையும் அங்கேதான் போய் நிற்கும்.

தொழிலாளர் செய்ய வேண்டியதும் உண்டு. விபத்து சிறியதானாலும் அன்றே கிராணியிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். நிர்வாகம் 48 மணி நேரத்திற்குள் பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். “போகட்டும், எண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன்” என்று விட்டவர்கள் பின்னால் சாட்சி இல்லாமல் தவிக்கிறார்கள். எம்.சி., ஆஸ்பத்திரிச் சீட்டு, படம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். வைத்தியரிடம் போகும்போது வலிக்கிறதா என்று கேட்டதற்கு மட்டும் தலையாட்டிவிட்டு வராமல், என்ன வேலை செய்கிறீர்கள், எதைத் தூக்குகிறீர்கள் என்று வாய் திறந்து சொல்லுங்கள். டாக்டர்கள் குழுவின் முடிவு சரியில்லை என்றால் மேல் குழு இருக்கிறது. கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள் மனுச் செய்யுங்கள். வேலையை விட்டு நீக்கினால், 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் புகார் செய்தாக வேண்டும். 61ஆவது நாள் வந்து அழுதால் சங்கத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. படிக்கத் தெரியாத கடிதம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கிளைத் தலைவரிடம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது ஆண்டு வெட்டிய கை, மரத்தின் பட்டையைத் தொட்டே அதன் நலம் அறியும் கை. அந்தக் கைக்குச் சில மாதம் பொறுத்தால், இன்னும் பல ஆண்டு உங்களுக்கு உழைக்கும். பட்டை உரித்த மரத்துக்கே மறுபட்டை வளரும்வரை காத்திருக்கிறீர்கள். அதை அவசரப்படுத்தி வெட்டினால் மரம் கெடும் என்பது உங்களுக்குத் தெரியும். மரத்துக்குத் தரும் தவணையை மனிதனுக்கும் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

குணமடைவது குற்றமல்ல. எழுந்து நிற்க முயன்றதற்காக ஒரு தொழிலாளி தன் படியையும் இழந்து வேலையையும் இழக்கும் நிலை ஒழிய வேண்டும். இதற்கான தீர்மானத்தை ஒவ்வொரு கிளையும் தன் அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றி அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அடிபட்ட தோழரின் குரல் தனியாக ஒலித்தால் அது முனகல். ஆயிரம் தோழர்களின் குரலோடு சேர்ந்தால் அது கோரிக்கை.